கைவிடப்பட்ட அரசி: தொலைக்காட்சி உத்தர இராமாயணமும் தமிழ்த் திறனாய்வு மரபும்

முன்னுரை

இராமகதையின் இறுதிப் பகுதியில் சீதை அயோத்தியின் அரசியாக விளங்குகிறாள். தீயில் இறங்கித் தன் தூய்மையை மெய்ப்பித்தவள் அவள், கருவுற்றும் இருக்கிறாள். அந்நிலையில், ஊரார் பேச்சின் பொருட்டுக் கானகத்திற்கு அனுப்பப்படுகிறாள். வான்மீகியின் தவச்சாலையில் இரு மைந்தரைப் பெற்று வளர்க்கிறாள். மீண்டும் தூய்மையை மெய்ப்பிக்குமாறு அழைக்கப்படும்போது மண்ணில் மறைகிறாள். இந்திய மொழிக் கவிஞர் பலரை நெடுங்காலம் இடர்ப்படுத்திய பகுதி இது. சிலர் இதனைப் பாடாது விடுத்தனர். சிலர் முடிவை மாற்றினர். சிலர் வினா எழுப்பினர்.

இராமானந்த சாகர் இயக்கிய ‘இராமாயணம்’ தொடரின் தொடர்ச்சியாக 1988-89ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘லவ குஷ்’ என்னும் தொடர் இப்பகுதியை முழுமையாகக் காட்டியது. ‘உத்தர இராமாயணம்’ என்றும் அது வழங்கப்பெறுகிறது. இத்தொடர்கள் குறித்து வரலாற்றறிஞரும் சமூகவியலாரும் பெண்ணியத் திறனாய்வாளரும் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியுள்ளனர். தமிழ்த் திறனாய்வு மரபு இதே கதைப்பகுதி குறித்துத் தொலைக்காட்சிக்கு முன்பே எழுப்பிய வினாக்களை அவ்வெழுத்துகளோடு சேர்த்துக் காணும்போது தொடரின் இயல்பு தெளிவாகப் புலப்படும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். தொடரின் ஏற்பு வரலாற்றை உத்தரகாண்டத்தின் நீண்ட ஏற்பு வரலாற்றினுள் வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

தொடர் தோன்றிய வரலாறு

‘இராமாயணம்’ தொடர் 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பாயிற்று. முதலில் 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டு, பின்னர் 78 பகுதிகளாக விரிந்தது. அருண் கோவில் இராமனாகவும் தீபிகா சிக்கலியா சீதையாகவும் நடித்தனர். தொடர் இராமனின் முடிசூட்டு விழாவோடு நிறைவுறுவதாக இருந்தது.

அந்நிறைவை ஏற்க மறுத்தோர் துப்புரவுத் தொழிலாளர்கள் என்பது இவ்வரலாற்றின் முதன்மையான செய்தியாகும். வான்மீகியைத் தம் முன்னோராகவும் வழிபடு தெய்வமாகவும் போற்றும் வான்மீகி சமூகத்தைச் சார்ந்த தொழிலாளர்கள், ஏழாம் காண்டத்தையும் காட்டவேண்டும் எனக் கோரி 1988இல் பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். வேலைநிறுத்தம் வட இந்திய நகரங்கள் பலவற்றிற்கும் பரவியது. நகர்ப்புறச் சுகாதாரம் சீர்கெடும் நிலையில் அரசு இணங்கியது. பவுலா ரிச்மன் பதிப்பித்த ‘பல இராமாயணங்கள்’ (1991) என்னும் ஆங்கிலத் தொகுப்பின் முன்னுரையும் இத்தொடர் குறித்துப் பேசுகிறது.

இக்கோரிக்கையைச் சமயப்பற்று என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. முதல் ஆறு காண்டங்களில் வான்மீகி கதையைப் பாடும் கவிஞர். ஏழாம் காண்டத்தில் அவர் கதைக்குள் நின்று செயல்படும் மாந்தர். அரசு கைவிட்ட பெண்ணுக்கு இடமளித்தவர் அவர். அரசின் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவரும் அவரே. ஏழாம் காண்டம் விடுபடின் அவருடைய செயல் முழுவதும் விடுபடும். சமூகத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டோர் அக்காண்டத்தைத் தம் கதையாகக் கண்டதில் வியப்பில்லை. தொடரின் மீதான முதல் திறனாய்வு, தொழிலாளரின் வேலைநிறுத்த வடிவில் வெளிப்பட்டது எனக் கூறலாம்.

பெயர்ப்பட்டியலில் கம்பர்

தொடரின் தொடக்கத்தில் அதன் மூலங்கள் பட்டியலிடப்பட்டன. வான்மீகி இராமாயணமும் துளசிதாசரின் ‘ராமசரிதமானஸ்’ நூலும் முதன்மை மூலங்கள். அவற்றோடு தமிழின் கம்பராமாயணம், தெலுங்கின் இரங்கநாத இராமாயணம், வங்கத்தின் கிருத்திவாச இராமாயணம், மராத்தியின் பாவார்த்த இராமாயணம், மலையாளத்தின் அத்யாத்ம இராமாயணம் முதலியனவும் குறிக்கப்பெற்றன. நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் இராமகதையை வழங்குவதாகத் தொடர் தன்னை முன்வைத்துக்கொண்டது என்பதற்கு இப்பட்டியலே சான்று.

எனினும் பட்டியலில் அருகருகே நிற்கும் நூல்கள் சீதையின் துயரை ஒரே வகையில் கையாளவில்லை. சீதை கவரப்படும் நிகழ்ச்சியை முதலில் நோக்கலாம். வான்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பர் அதனை ஏற்கவில்லை. பன்னசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்வதாகப் பாடினார். துளசிதாசர் வேறொரு வழியை மேற்கொண்டார். உண்மைச் சீதை முன்னரே தீக்கடவுளிடம் ஒப்படைக்கப்பட்டாள் என்றும், இராவணன் கவர்ந்தது நிழற்சீதையையே என்றும் அவர் அமைத்தார். கம்பர் தீண்டாமல் காத்தார். துளசிதாசர் சீதையையே மாற்றிக் காத்தார். இரண்டும் ஒரே கவலையிலிருந்து பிறந்த இருவேறு தீர்வுகள்.

இவ்வேறுபாடு தீப்புகு நிகழ்ச்சியில் மேலும் கூர்மையடைகிறது. கம்பரின் இராமன் சீதையை நோக்கிக் கூறும் சொற்கள் மிகக் கடுமையானவை. அக்கடுமையைக் கம்பர் மறைக்கவோ மென்மைப்படுத்தவோ முயலவில்லை. சீதை தீயில் இறங்கியபோது அவளது கற்பின் வெம்மை தன்னைச் சுட்டதாகத் தீக்கடவுளே முறையிடுகிறான். சோதிக்க வந்த தீ சோதிக்கப்பட்டதாக மாறுகிறது. கம்பரின் இப்பகுதியை டேவிட் ஷுல்மன் மேற்குறித்த ரிச்மன் தொகுப்பில் தனிக்கட்டுரையாக ஆராய்ந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. துளசிதாசரின் நிழற்சீதைக் கதையில் இத்தகைய முரணுக்கு இடமில்லை. அங்குத் தீ என்பது ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெறும் வாயில் மட்டுமே.

தொலைக்காட்சித் தொடர் துளசிதாசரின் வழியையே தேர்ந்தது. சீதை தீப்புகவேண்டும் என்று அறிந்த இலக்குவன் சினந்து எதிர்க்கிறான். இராமன் நிழற்சீதைச் செய்தியை அவனுக்கு விளக்கியதும் எதிர்ப்பு அடங்குகிறது. பார்வையாளர் மனத்தில் எழக்கூடிய வினா இலக்குவன் வாயிலாக எழுப்பப்பட்டு, அங்கேயே விடையளிக்கப்பட்டு முடிக்கப்படுகிறது. கம்பரின் பெயர் பட்டியலில் இடம்பெற்றது. கம்பரின் தீ தொடரில் இடம்பெறவில்லை.

மௌனமும் மாற்றமும்

பட்டியலில் உள்ள முதன்மை நூல்களுள் துளசிதாசரின் நூலும், தமிழ் மூலமாகக் குறிக்கப்பெற்ற கம்பரின் நூலும் சீதை கானகம் அனுப்பப்படுவதைப் பாடவில்லை. துளசிதாசரின் நூலில் உத்தரகாண்டம் உண்டு. ஆயினும் அதில் சீதை துறக்கப்படும் நிகழ்ச்சி இல்லை. கம்பர் முடிசூட்டோடும் விடைகொடுத்தலோடும் தம் காப்பியத்தை நிறைவு செய்தார். தமிழில் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது. அதன் ஆசிரியர் குறித்துக் கருத்து வேறுபாடுகள் இருப்பினும், அது கம்பர் பாடியதன்று என்பதில் மரபு தெளிவாகவே உள்ளது. கம்பர்மீது கொண்ட மனத்தாங்கலால் ஒட்டக்கூத்தர் தாம் பாடிய காண்டங்களைக் கிழித்தெறிந்தார் என்றும், கம்பர் தடுத்ததால் உத்தரகாண்டம் மட்டும் எஞ்சியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் கம்பர் ஏன் பாடவில்லை என்னும் வினாவுக்கு மரபு விடை தேடியிருக்கிறது என்பதற்கு இக்கதை சான்றாகும். தெலுங்கிலும் இரங்கநாத இராமாயணத்தின் உத்தரகாண்டம் கோன புத்தாரெட்டியால் பாடப்படாது, அவர் மைந்தரால் பாடப்பட்டது. ஏழாம் காண்டம் வேறு கையால் வருவது இரு மொழிகளிலும் காணப்படுகிறது.

பாடியோருள் சிலர் முடிவை மாற்றினர். பவபூதியின் ‘உத்தரராமசரிதம்’ என்னும் வடமொழி நாடகம் பிரிந்தோரை மீண்டும் சேர்த்து வைக்கிறது. தொலைக்காட்சித் தொடர் முடிவை மாற்றவில்லை, தொடக்கத்தை மாற்றியது. வான்மீகியில் சீதைக்கு எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. தவச்சாலைகளைக் காணும் தன் விருப்பம் நிறைவேறுவதாக எண்ணியே அவள் தேர் ஏறுகிறாள். கங்கைக் கரையைக் கடந்த பிறகே இலக்குவன் உண்மையைக் கூறுகிறான். தொலைக்காட்சியின் சீதையோ ஊர்ப்பேச்சை அறிந்து, அரச அறத்தைக் காக்கத் தானே கானகம் செல்ல முடிவெடுக்கிறாள். இராமன் கலங்கித் தடுக்க, அவள் வற்புறுத்தி விடைபெறுகிறாள்.

இம்மாற்றத்தை இருவகையாக மதிப்பிடலாம். கதை முழுவதும் பிறரால் முடிவு செய்யப்பட்ட ஒரு பெண்ணுக்கு இங்குத் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை கிடைக்கிறது என்பது ஒன்று. இதனை எளிதில் புறந்தள்ள இயலாது. பார்வையாளர் பலர் இச்சீதையிடம் உறுதியையும் பெருமையையும் கண்டிருக்கக்கூடும். ஆயினும் மற்றொரு விளைவும் உண்டு. அவளே விரும்பிச் சென்றாள் எனில் அவளுக்கு அநீதி இழைத்தோர் எவருமிலர். காளிதாசரின் ‘இரகுவமிசம்’ காட்டும் சீதை, கானகத்தில் நின்று இலக்குவனிடம் செய்தி சொல்லி அனுப்பும்போது இராமனைக் கணவனாகக் குறிக்காமல் அரசனாகவே குறிக்கிறாள். அந்த ஒரு சொல் மாற்றத்தில் முறையீடு முழுவதும் அடங்கியுள்ளது. தொலைக்காட்சிச் சீதைக்கு முடிவெடுக்கும் உரிமை கிடைத்தது. முறையிடும் உரிமை பறிபோயிற்று.

ஆங்கிலத் திறனாய்வின் போக்குகள்

தொடரைக் குறித்த ஆய்வுகள் மூன்று போக்குகளில் அமைந்தன. முதலாவது, பன்மை குறித்த கவலை. ரொமிலா தாப்பர் 1989 சனவரியில் ‘செமினார்’ இதழில் எழுதிய கட்டுரை, அரசு ஊடகத்தின் வாயிலாக ஒரு வடிவம் மட்டும் தேசிய வடிவமாக நிலைநிறுத்தப்படுவதைக் கண்டித்தது. ஏ.கே. இராமானுசன் 1987இல் வழங்கி, பின்னர் ரிச்மன் தொகுப்பில் வெளிவந்த இராமாயணங்கள் பற்றிய கட்டுரை தொடரைப் பற்றியதன்று. எனினும் வான்மீகியையும் கம்பரையும் ஒப்பிட்டுக் கதையின் பன்மையை நிறுவியதால் இவ்விவாதத்தின் அடிப்படை நூலாயிற்று.

இரண்டாவது, பார்வையாளரை மையமாகக் கொண்ட போக்கு. பிலிப் லுட்கென்டார்ஃப் 1990இல் எழுதிய கட்டுரையில், ஆங்கில நாளேடுகளின் விமர்சகர்கள் தொடரின் மெதுவான நடையையும் பகட்டையும் எள்ளியதை மறுத்தார். கதாகாலட்சேபம், இராமலீலை ஆகிய மரபுகளின் தொடர்ச்சியாகத் தொடரைக் காண வேண்டும் என்பது அவர் கருத்து. பூர்ணிமா மங்கேகர் தில்லியில் கள ஆய்வு செய்து, பெண்கள் தொலைக்காட்சிச் சீதையையும் திரௌபதியையும் எவ்வாறு உள்வாங்கினர் என ஆராய்ந்து 1999இல் நூலாக வெளியிட்டார். அரவிந்த் ராஜகோபாலின் 2001ஆம் ஆண்டு நூல், தொடருக்கும் அக்கால அரசியல் எழுச்சிக்கும் உள்ள தொடர்பை விரித்துரைத்தது.

மூன்றாவது, சீதையை மையமாகக் கொண்ட போக்கு. மது கிஷ்வார் 1997இல் ‘மானுஷி’ இதழில், எளிய மக்கள் சீதையை ஏற்று இராமனின் செயலை ஏற்க மறுக்கும் மனநிலையைப் பதிவு செய்தார். லிண்டா ஹெஸ் 1999இல் எழுதிய கட்டுரையில் வான்மீகி, கம்பர், துளசிதாசர், சாகர் ஆகியோரின் தீப்புகு காட்சிகளை வரிசைப்படுத்தி, இந்தியர் தம் இலட்சிய நாயகனின் கொடுமையை எவ்வாறு எதிர்கொண்டனர் என ஆராய்ந்தார். கம்பரைத் தொடரோடு நேருக்கு நேர் வைத்து நோக்கியது இக்கட்டுரையின் சிறப்பு. ஆயினும் கம்பருக்குப் பிந்தைய தமிழ்த் திறனாய்வும் புனைவும் இவ்விவாதத்தில் உரிய இடம் பெறவில்லை.

தமிழ் மரபு எழுப்பிய வினாக்கள்

தமிழகத்தில் சீதையின் துறவு அறியப்படாத கதையன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘லவகுசா’ நாடகம் மேடைகளில் நடிக்கப்பெற்றது. என்.டி. இராமாராவும் அஞ்சலிதேவியும் நடித்த ‘லவகுசா’ 1963இல் தெலுங்கிலும் தமிழிலும் வண்ணப்படமாக வெளிவந்தது. நாடகமும் திரைப்படமும் துயரை மக்கள்முன் வைத்தன. உரைநடை எழுத்தாளர் அத்துயரின் நியாயத்தை வினவினர்.

பெரியார் 1930இல் வெளியிட்ட ‘இராமாயணப் பாத்திரங்கள்’ இராமனின் செயல்களைக் கடுமையாகச் சாடியது. அந்நூல் சீதையையும் விட்டுவைக்கவில்லை. காப்பியத்தின் ஒழுக்க அடிப்படையையே மறுப்பது அதன் நோக்கம். எதிர்முனையில் நின்ற இராஜாஜியின் நிலை இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. சாகித்திய அகாதெமியின் 1958ஆம் ஆண்டுப் பரிசு பெற்ற ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலில் அவர் உத்தரகாண்டத்தைச் சொல்லாமல் விடுத்தார். விடுத்ததோடு அமையாது, அக்கதையைத் தம் மனம் ஏற்க மறுப்பதையும், நம் பெண்கள் படும் துன்பத்தின் நிழலையே அதில் காண்பதையும் நூலின் முடிவில் வெளிப்படையாக எழுதினார். கம்பரின் மௌனத்திற்குக் காரணம் கூறப்படவில்லை. இராஜாஜி காரணம் கூறி மௌனம் கொண்டார். இராமபக்தர் ஒருவரே இவ்வாறு எழுதியமையால், சீதையின் துறவு குறித்த கேள்வி பகுத்தறிவு இயக்கத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவு.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ சிறுகதை இவ்வினாவின் உச்சம். சீதை அகலிகையைக் காண வருகிறாள். தீயில் இறங்க நேர்ந்ததைச் சொல்கிறாள். தனக்கு மீட்பளித்தவனே இதைக் கேட்டான் என்பதை அகலிகையால் தாங்க இயலவில்லை. கதையின் இறுதியில் அவள் மீண்டும் கல்லாகிறாள். இங்கே இராமன்மீது தீர்ப்பு எதுவும் கூறப்படவில்லை. ஒரு பெண்ணின் துயரைக் கேட்ட மற்றொரு பெண்ணின் உடல் விடையளிக்கிறது. அம்பையின் ‘அடவி’ சிறுகதையில் சீதை தன் கதையைத் தானே எழுதத் தொடங்குகிறாள். 1943இல் கேட்கப்பட்ட துயர், அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்படும் துயராக வளர்ந்தது.

இவற்றிற்கெல்லாம் பின்னணியாகத் தமிழ்க் காப்பிய மரபில் ஓர் அளவுகோல் உண்டு. சிலப்பதிகாரத்தில் அநீதி இழைக்கப்பட்ட பெண் அரசவைக்குள் நுழைந்து வழக்குரைக்கிறாள். தவறியதை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் துறக்கிறான். கோப்பெருந்தேவியும் உடன் மடிகிறாள். உத்தரகாண்டத்திலோ அரசு நிலைக்கிறது. வழக்குரைக்க வேண்டியவள் மண்ணுள் மறைகிறாள். கண்ணகி வழக்கைக் கற்று வளர்ந்த தமிழ் வாசகர், வழக்கே இல்லாத சீதையின் துறவை ஏற்கத் தயங்கியது இயல்பே. இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால் தொலைக்காட்சித் தொடரின் குறை யாதென விளங்கும். அது வழக்கைத் தோற்கடிக்கவில்லை; வழக்கு எழாதவாறே கதையை அமைத்துவிட்டது.

ஃபீனிக்ஸ் பேயிலிருந்து ஒரு நோக்கு

2020இல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோது தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் ‘இராமாயணம்’ தொடரையும், ஏப்ரல் 19 முதல் ‘உத்தர இராமாயணம்’ தொடரையும் மறுஒளிபரப்பு செய்தது. முதல் ஒளிபரப்பின்போது பிறந்திராத தலைமுறையினர் பலர் அப்போதுதான் தொடரை முழுமையாகக் கண்டனர். கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். கண்ட இடம் அந்தமானின் ஃபீனிக்ஸ் பே. தீவுகளுக்கிடையே செல்லும் படகுகள் புறப்படும் துறையை ஒட்டிய பகுதி அது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரில் அமைந்தது.

தமிழகத்துத் தமிழர் பலருக்குத் தொடரின் மொழி அயன்மொழி. அந்தமான் தமிழருக்கோ இந்தி கடைவீதியின் பொதுமொழி. எனவே சீதை விடைபெறும் உரையாடல் இங்கு மொழிபெயர்ப்பின்றியே புரிந்தது. அதே வேளையில் வங்கமும் தெலுங்கும் தமிழும் மலையாளமும் பேசுவோர் பக்கத்து வீடுகளில் வாழும் ஊர் இது. தொடரின் தொடக்கத்தில் ஓடும் நூற்பட்டியல் இங்கு ஒரு தெருவின் குடும்பப் பட்டியலை ஒத்திருந்தது. வங்க வீட்டிற்குக் கிருத்திவாசரோடு, பதினாறாம் நூற்றாண்டில் சீதையின் வாழ்வையே மையமாக்கி இராமகதை பாடிய சந்திராவதி என்னும் பெண்கவிஞரும் உரியவர். தெலுங்கு வீட்டிற்கு அஞ்சலிதேவியின் கண்ணீர் உரியது. தமிழ் வீட்டிற்குக் கம்பரின் மௌனமும் புதுமைப்பித்தனின் கல்லும் உரியவை. பட்டியல் இவற்றை ஒன்றாக்கியது. தெரு அவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது.

இத்தீவுகளின் வரலாறும் ஒன்றை நினைவூட்டுகிறது. 1858 முதல் நாடு கடத்தப்பட்டோரின் இடமாக இவை விளங்கின. ஆணையிட்டோர் அதனை ஒழுங்கு என்றனர். கடல் கடந்து அனுப்பப்பட்டோருள் பெரும்பாலோர் விரும்பி வந்தவரல்லர். நாடு கடத்தலின் நினைவு கொண்ட மண்ணில் வாழ்வோருக்கு, வெளியேற்றப்பட்டவள் தானே விரும்பிச் சென்றாள் என்னும் கதை ஐயத்திற்குரியதாகவே தோன்றும்.

முடிவுரை

சீதையின் முடிவை எதிர்கொண்ட இந்திய மரபில் தவிர்த்தல், மாற்றுதல், வினவுதல் என்னும் மூன்று நெறிகள் காணப்படுகின்றன. கம்பரும் துளசிதாசரும் தவிர்த்தனர், பவபூதி மாற்றினார், சந்திராவதியும் புதுமைப்பித்தனும் அம்பையும் வினவினர். இராஜாஜி தவிர்த்தலுக்கும் வினவுதலுக்கும் இடையே நிற்கிறார். தொலைக்காட்சித் தொடர் தவிர்த்தலில் தொடங்கி, உழைக்கும் மக்களின் கோரிக்கையால் காட்ட நேர்ந்து, மாற்றுதலில் முடிந்தது.

தொடர் பன்மையைக் குறைத்தது என்னும் தாப்பரின் கருத்து இன்றும் வலுவுடையதே. அதனோடு சேர்த்துக் கூறவேண்டியது ஒன்றுண்டு. பன்மை என்பது எத்தனை நூல்களின் பெயர் பட்டியலில் உள்ளது என்பதைப் பொறுத்ததன்று. அந்நூல்கள் எழுப்பிய முரண்கள் நிலைக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. 2015-16ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான ‘சியா கே ராம்’ போன்ற பிந்தைய தொடர்கள் சீதையின் பார்வையில் கதை சொல்ல முற்பட்டன. அவை வினவுதல் நெறியை எந்த அளவு ஏற்றன என்பது தனியே ஆராயத்தக்கது. தமிழாய்வாளர் தொலைக்காட்சியைத் தம் துறைக்குப் புறம்பானதாகக் கருதி ஒதுக்கிவிட்டால், கம்பரின் பெயர் இனியும் பட்டியல்களில் மட்டுமே இடம்பெறும். வேலைநிறுத்தம் செய்து ஏழாம் காண்டத்தைப் பெற்ற தொழிலாளர்கள் கேட்டது முழுக்கதையை. அக்கதையில் சீதையின் முறையீடு உண்டா என்று கேட்பது திறனாய்வாளரின் கடமை.